கியர்பாக்ஸைப் பிரித்தும் சத்தம் போகவில்லை: வழக்கு போடலாமா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் ஆட்டோமேட்டிக் கார். 1,70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓடும்போது இரைச்சல் வந்ததால் வொர்க்‌ஷாப்பில் விட்டேன். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பிரித்து வேலை பார்த்து 1,35,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு மாதமாகியும் சத்தம் அப்படியே இருக்கிறது. வேறொரு மெக்கானிக் முன்சக்கர பேரிங்தான் காரணம் என்கிறார். கேட்கப் போனால் அவமரியாதையாகப் பேசுகிறார்கள். 45,000 திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். அது என் அப்பா வாங்கிய கார். மோசடி வழக்குப் போட்டு, மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: அப்பாவின் நினைவும் அவர்கள் பேசிய பேச்சும் வழக்குக்கு உதவாது. மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். கோளாறைத் தவறாகக் கணித்தது மோசடி ஆகாது. போலீஸ் வரை போக வேண்டாம். 10 லட்சத்தையும் மறந்துவிடுங்கள்.

பிரிக்கும் முன் எதை வைத்து கியர்பாக்ஸ்தான் என்று முடிவு செய்தார்கள்? உங்கள் வழக்கு இந்த ஒன்றில்தான் இருக்கிறது. கார் நிற்கும்போதே, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறும் சத்தம் என்றால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பக்கம் சந்தேகம் போகும். கார் ஓடினால் மட்டும் வந்து, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது சக்கர பேரிங். லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. அதைக்கூடச் செய்யாமல் பிரித்திருந்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ஜாப் கார்டில் (காரை விடும்போது கோளாறையும் வேலையையும் குறித்த சீட்டு) என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

எதிர்தரப்பு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். "1,70,000 கி.மீ. ஓடிய கியர்பாக்ஸ், உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது, மாற்றினோம். பேரிங் அதன்பிறகு போயிருக்கிறது." இதை உடைக்க உங்களிடம் இப்போது ஒன்றுமே இல்லை. அந்த மெக்கானிக் வாயால் சொன்னது சாட்சியம் ஆகாது. நுகர்வோர் ஆணையம் நிரூபண வாக்குமூலத்தையும் (உறுதிமொழியோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் சாட்சியம்) ஆவணங்களையும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். அதே ஊரில் தொழில் செய்கிறவர் இன்னொரு வொர்க்‌ஷாப்புக்கு எதிராகக் கையெழுத்துப் போடத் தயங்குவார். கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. இதே நிலையில் வந்த கட்சிக்காரர் ஒருவர், என்னிடம் வருவதற்கு முன்பே வெளியில் பேரிங்கை மாற்றி, பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டார். சத்தம் நின்றுவிட்டது. எந்தச் சத்தம், எதனால் வந்தது என்று காட்ட அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. தோற்றார். அவர் சொன்னது உண்மை என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால் பேரிங்கைத் தொடாதீர்கள். காரையும் ஓட்டாதீர்கள், பழுதான பேரிங்கோடு ஓட்டுவது ஆபத்து, ஓடிய ஒவ்வொரு கி.மீ.யும் அவர்களுக்குச் சாதகம். ஒரு தேதி குறித்து, "வந்து சோதித்துப் பாருங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் அந்த மௌனம் உங்களுக்கு உதவும். அதே நாளில் ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினீயரை வைத்துச் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். பேரிங்கைக் கழற்றுவதாக இருந்தால் அவர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டு கழற்றி, பத்திரப்படுத்துங்கள். முறையீடு செய்ய 2 வருட அவகாசம் இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் என் யோசனை, சமாதானமாகப் போங்கள். பில்லில் பாகங்களின் விலை தனியாக, கூலி தனியாக இருக்கும். கூலி முழுவதையும், புது பேரிங்கின் செலவையும் கேளுங்கள். அதற்கு அருகில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பிளேட்டுக்குப் பதில் புதுசு போட்டது உண்மையானால், அந்தப் பணம் முழுவதும் வீணாகிவிடவில்லை. வழக்கை 3 முதல் 5 மாதத்துக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும். இந்த வயதுள்ள காருக்காக அத்தனை காலம் அலைய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 45,000 கொடுத்துவிட்டு, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வவுச்சரை நீட்டுவார்கள். தொகை உங்களுக்குச் சம்மதமாகி, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.