மண்டபம் பக்கம் ஆய்வுக்கு வருபவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

கடலையும் கரையையும் மக்களையும் ஒன்றாக எடுத்து முனைவர் பட்டம் செய்பவர்கள், அவர்களின் நெறியாளர்கள் கேட்கலாம். களவேலை, தரவு, அனுமதி எல்லாம் பேசுவோம். "எந்தத் தலைப்பு எடுத்தா சீக்கிரம் முடியும்" என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி (தங்கச்சிமடம்): சார், முதல் இயல் கடல்புல், இரண்டாவது இயல் மீனவக் குடும்ப வருமானம். ரெண்டும் ஒட்டலைன்னு நெறியாளர் திருப்பி அனுப்பிட்டாங்க.

ஒட்டாதும்மா. அளக்கும் அலகு வேறு வேறாக இருக்கிறது. கடல்புல்லுக்கு வழக்கமாக என்ன செய்கிறோம்? 25 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் கோடு மூன்று; ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒருமுறை 50 செ.மீ. சதுரச் சட்டம். மொத்தம் 33 சட்டங்கள். அது சொல்வது கால் ஹெக்டேரின் கதை. வீட்டு வருமானக் கேள்வித்தாள் சொல்வது ஓர் ஊரின் ஒரு வருடக் கதை. இரண்டையும் எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் தைக்க முடியாது.

நடுவில் ஒரு பொது அலகு வேண்டும். இந்தக் கரைக்கு என் பரிந்துரை, ஒரு படகின் ஒரு நாள் பயணம். எந்த இடம், எந்த வலை, எத்தனை கிலோ, டீசல் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு. முதலில் ஊர்க்காரர்களை வைத்துத் தொழில் செய்யும் இடங்களை அவர்கள் சொல்லும் பெயரிலேயே வரைபடமாக்குங்கள். அதில் ஆறு இடம் தேர்ந்தெடுத்து, சட்டம் போடுவதையும் அங்கேயே போடுங்கள். கரையில் எடை பார்ப்பது மாதம் நான்கு நாள் போதும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு, அட்டமி நவமியை ஒட்டி இரண்டு. ஓதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் வேறு, பிடிப்பும் வேறு.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கரையின் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகரையின் பாக் நீரிணை அடங்கியிருக்கும். வாடையில் (வடகிழக்குக் காற்றில்) இது தலைகீழ். படகும் அதற்கேற்ப இடம் மாறும். வடகரையில் கடல்புல்லை அளந்துவிட்டு, தென்கரையில் பிடித்த மீனின் காசோடு ஒப்பிட்ட ஆய்வேடுகள் உண்டு. பயணம்தோறும் "வடக்கா தெற்கா" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம்.

கேள்வி (மதுரை): தீவுகளுக்குப் போக யாரிடம் அனுமதி?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளம், கடல்குதிரை, கடலட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். விண்ணப்பம் முதல் பருவத்திலேயே போக வேண்டும். மக்களிடம் பேட்டி எடுப்பதற்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கேள்வி (காரைக்குடி): அதிகபட்சம் எத்தனை வருஷம்?

யுஜிசி 2022 விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6. மறுபதிவு, பெண்களுக்கான சலுகை வேறு. உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): கரைந்த ஆக்சிஜன் ஆய்வகத்துல எப்பவும் கூடுதலாவே வருது.

நீரைப் பாட்டிலில் மொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். மொண்டால் காற்று கலந்துவிடும். குழாய் நுனி 300 மி.லி. பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். இரண்டு மூன்று பாட்டில் அளவு வழிந்து ஓடட்டும். குமிழி ஒன்றுகூடக் கூடாது. மாங்கனீஸ் சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு 1 மி.லி. ஆக்சிஜனை அப்படியே பிடித்துவைக்க இரண்டையும் படகிலேயே ஊற்றி, மூடிக் கவிழ்த்துக் குலுக்குங்கள். பழுப்பாகப் படிந்தால் சரி. அமிலம் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கூடுதலாக வந்தால், மணி பாருங்கள். கடல்புல் மேல் மதியம் இரண்டு மணிக்கு எடுத்த நீர் உண்மையாகவே மிகைச்செறிவாக (வழக்கமாகக் கரையும் அளவுக்கு மேல் ஆக்சிஜனோடு) இருக்கும். விடியுமுன் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): தீவுக்கு அனுமதி வாங்கணுமா சார்?

மேலே இருக்கிறது.

கேள்வி (தொண்டி): "பத்து வருஷத்துக்கு முன்ன நாளுக்கு 50 கிலோ நண்டு" என்று பெரியவர்கள் சொல்வதை வரைபடத்தில் போடலாமா?

போடாதீர்கள். நினைவில் நிற்பது நல்ல நாள்.

மறுப்பு (சமூகவியல் ஆய்வாளர், பரமக்குடி): கடலோடி சொன்னால் கதை, நீங்கள் அளந்தால் தரவா? இந்த மேட்டிமைதான் உங்கள் துறையின் நோய்.

அப்படிச் சொல்லவில்லை. ஒரே சதுரச் சட்டத்தை இரண்டு மாணவர்கள் பார்த்தால் கடல்புல் பரப்புக்கு இரண்டு எண் வரும். அதையும் சோதிக்கிறோம், இதையும் சோதிப்போம். நல்ல நாள், சாதாரண நாள், வெறும் நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். "பத்து வருஷம் முன்" என்று கேட்காமல், பாம்பன் சாலைப் பாலம் திறந்தது (1988), சுனாமி (2004), ஊரடங்கு (2020) என்று நிகழ்வை ஒட்டிக் கேளுங்கள். அன்றைக்கு வலை எத்தனை பாகம் (வலையின் நீளத்துக்கு மீனவர் சொல்லும் அளவு) என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வலை நீண்டிருந்தால் பிடிப்பும் கூடும். பத்தில் ஒருவரிடம் மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி வையுங்கள்.

மறுப்பு (அதே பரமக்குடி): அவர்கள் சொல்லும் எடையை ஏலக் கணக்கோடு ஒப்பிடுவீர்கள். அந்தக் கணக்கே முன்பணம் கொடுத்த வியாபாரி எழுதியது. கடனில் இருப்பவர் அவர் காதுபட உண்மை எடையைச் சொல்வாரா?

இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். வியாபாரியின் கொட்டகையில் உட்கார்ந்து பேட்டி எடுக்கக் கூடாது. கடன் இருக்கிறதா என்பதையும் தனிக் கட்டமாக வைக்க வேண்டும். ஆனால் 50 கிலோவை இன்னும் வரைபடத்தில் சேர்க்க மாட்டேன். "எந்த மீன் முதலில் காணாமல் போனது, எந்த வருஷம் கச்சான் தாமதமாக விழுந்தது" போன்றவற்றில் அவர்கள் நினைவை நம்பலாம். காற்றைப் பாம்பன் வானிலை நிலையப் பதிவோடு சரிபார்க்கவும் முடியும். வரிசையை நம்புங்கள், எண்ணைச் சோதியுங்கள்.

கேள்வி (கீழக்கரை): மீனவங்க காட்டுன பார்களோட (மீன் கிடைக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளோட) ஜிபிஎஸ் புள்ளிகளை ஆய்வேட்டுல போடலாமா?

கூடாது. அது அவர்களின் சோறு. இரண்டு தசம இடத்தோடு நிறுத்துங்கள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மங்கிவிடும். மூலப் புள்ளிகள் பூட்டிய கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி (நெறியாளர், சிவகங்கை): இணை நெறியாளர் பொருளாதாரத் துறை. மாணவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு பக்கத்தில் மூவரும் கையெழுத்திடுங்கள்: பொது அலகு எது, எந்த இயலை யார் திருத்துவது, கட்டுரையில் பெயர் வரிசை என்ன. அப்புறம் கடல் மாணவர் பத்து நாள் இறங்குதளத்தில் தராசு பிடிக்கட்டும். பொருளாதார மாணவர் பத்து நாள் கடலில் சதுரச் சட்டம் பிடிக்கட்டும். அடுத்தவர் எண்ணில் எங்கே பிழை நுழைகிறது என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி (அருப்புக்கோட்டை): அனுமதி இல்லாம ஒரு நாள் மட்டும்...

இல்லை.

கேள்வி (ஏர்வாடி): பேட்டிக்கு எந்த நேரம் போகலாம்?

மீன் இறங்கும் நேரத்தில் போகாதீர்கள். வலை சீர்பார்க்கும் மதியம் நல்லது. கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் கரையேறியவுடன் நோட்டை நீட்டாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, பாசியைக் காயப்போட்ட பிறகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று எல்லாப் பேட்டியையும் அதற்குள் அடைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் வருமானம் கேட்டால் அவர்களுக்குக் குறைவாகத்தான் வரும்.