எஸ்ஏடி மதிப்பெண் 1180ஐத் தாண்டவில்லையா?

வணக்கம் அம்மா. மகள் வாரம் தவறாமல் ஒரு மாதிரித் தேர்வு எழுதுகிறாள், ஆனாலும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் 1180லேயே நிற்கிறது, டெஸ்ட்களை இன்னும் கூட்டலாமா அல்லது வேறு கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அவள் உழைப்பில் குறை இல்லை. ஒரு டெஸ்ட்டுக்கும் அடுத்த டெஸ்ட்டுக்கும் நடுவில் என்ன செய்கிறாள் என்பதுதான் மாற வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் டெஸ்ட் முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அப்புறம் தவறான கேள்விகளின் விளக்கத்தைப் படிக்கிறார்கள். "ஆமாம், இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றியதும் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்தத் "தெரியுமே"தான் ஏமாற்றுகிறது. விளக்கம் கண்ணெதிரே இருக்கும்போது எல்லாம் புரியும். தேர்வு அறையில் அது இருக்காது. ரோடிகர், கார்பிகே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

அதனால் ஒரு தனி நோட்டு போடச் சொல்லுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை அவளே எழுத வேண்டும்: விஷயமே தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தாளா, நேரம் போதவில்லையா? எழுதிய பிறகு விளக்கத்தை மூடிவிட்டு அதே கேள்வியைத் தானாகப் போட வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை, இன்னொரு வாரம் கழித்து மறுபடி. டெஸ்ட் எழுத ஆன நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகும். ஆகட்டும், மதிப்பெண் ஏறுவது இங்கேதான்.

அந்த நோட்டில் "சில்லி மிஸ்டேக்" என்ற சொல்லை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஓர் உதாரணம். ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 5ஐக் கூட்டினால் 20. அதே எண்ணின் ஆறு மடங்குடன் 10ஐக் கூட்டினால் எவ்வளவு? பிள்ளை வேகமாகப் போட்டு, எண் 5 என்று சரியாகவே கண்டுபிடிக்கிறது. விடைகளில் 5 இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. சரியான விடை 40. இதைச் சில்லி மிஸ்டேக் என்று எழுதினால் அடுத்த முறையும் நடக்கும். "கேள்வியின் கடைசி வரியை மறுபடி பார்க்கவில்லை" என்று எழுதினால் அதற்கு ஒரு மருந்து உண்டு: விடையைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைசி வரியை ஒருமுறை படிப்பது. கேட்டது முதல் வரியின் இரண்டு மடங்குதான் என்று கவனித்தால் எண்ணையே கண்டுபிடிக்க வேண்டாம். 20ஐ இரட்டித்தால் போதும். இப்படிப் பத்துக் கேள்விகளை அலசினாலே அவளுடைய பழக்கம் எது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் கணிதம் 660, வாசிப்பும் எழுத்தும் 520. ஒவ்வொன்றும் 200இலிருந்து 800 வரை. ஏறுவதற்கு இடம் எங்கே அதிகம் என்பது இதிலேயே தெரிகிறது, ஆனால் அவள் தினமும் கணக்கையே போடுகிறாள். பிடித்த பாடம் என்பதால் கை அங்கேதான் போகும். வாசிப்புப் பகுதியின் 54 கேள்விகளில் 11 முதல் 15 வரை இலக்கணமும் நிறுத்தக்குறியும். இவற்றில் திரும்பத் திரும்ப வரும் விதிகள் கொஞ்சம்தான். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைக்கக் கூடாது என்ற ஒரு விதியே பல கேள்விகளில் வரும். வாசிப்புத் திறன் வளர மாதங்கள் ஆகும்; இந்த விதிகளைச் சில வாரங்களில் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். அதனால் முதலில் இதைத் தொடட்டும். நீளமான சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது அப்புறம்.

தேர்வின் அமைப்பும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எஸ்ஏடி கணினியில்தான், மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பில் 32 நிமிடத்தில் 27 கேள்வி என்று இரண்டு சுற்று. கணிதத்தில் 35 நிமிடத்தில் 22 கேள்வி என்று இரண்டு சுற்று. முதல் சுற்றை எப்படி எழுதுகிறாள் என்பதைப் பொறுத்தே இரண்டாவது சுற்று எளிதாகவோ கடினமாகவோ வரும். எளிதான சுற்று வந்தால் உச்ச மதிப்பெண்ணுக்குப் போக முடியாது. ஆகவே முதல் சுற்றின் சுலபமான கேள்விகளில் அவசரப்படவே கூடாது. இரண்டாவது சுற்று கடினமாகத் தெரிந்தால் கலங்கவும் வேண்டாம், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எந்தக் கேள்வியையும் காலியாக விட வேண்டாம். கணிதம் முழுவதற்கும் திரையிலேயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் உண்டு; அதில் இப்போதே கை பழகட்டும்.

எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் உள்ள முழு டெஸ்ட்கள்தான் உண்மையான தேர்வுக்கு மிக நெருக்கமானவை. அவை அளவாகத்தான் இருக்கின்றன, வாரம் ஒன்றாகத் தீர்த்துவிட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். தேர்வு நாளில் எந்த லேப்டாப்போ அதிலேயே, காலை நேரத்தில், நடுவில் 10 நிமிட இடைவேளையோடு எழுதட்டும். மற்ற நாட்களுக்குக் கான் அகாடமி என்ற இணையதளத்தின் பயிற்சிகளும் காலேஜ் போர்டின் கேள்வி வங்கியும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோச்சிங் தேவையா என்பதை அந்த நோட்டே சொல்லும். "தெரியவில்லை" என்ற காரணம் ஒரே பாடப்பகுதியில் குவிந்திருந்தால், அதை மட்டும் சொல்லித்தர ஓர் ஆசிரியரைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. "200 மதிப்பெண் ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த 200ஐ எந்த டெஸ்ட்டிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். காலேஜ் போர்டின் டெஸ்ட்டா, அவர்களே தயாரித்ததா?

இன்னொன்று, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். டெஸ்ட் முடித்து அறையைவிட்டு வந்ததும் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும், அவளுக்கும் உங்கள் முகம் தெரியும். மறுநாள், புரிந்துகொண்ட ஒரு தவறை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிப் பார்க்கும்போது அவளுக்கு இன்னும் தெளியும். இரண்டு டெஸ்ட்களுக்கு இடையே 20, 30 ஏறி இறங்குவது யாருக்கும் நடப்பது. அதற்காக வீட்டில் சாப்பாட்டு நேரம் மௌனமாகிவிடக் கூடாது.

எந்தக் கல்லூரிகள் என்ற பட்டியலையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 2022இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. பல இடங்களில் அனுப்புவது நம் விருப்பம். வெவ்வேறு நாட்களில் எழுதியவற்றிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் சிறந்ததை எடுத்துக்கொள்ளும் கல்லூரிகளும் நிறைய உண்டு. அங்கே கணிதத்தில் ஒருமுறை நன்றாக எடுத்துவிட்டால் அடுத்த முறை வாசிப்பில் முழுக் கவனம் வைக்கலாம். சேர்ந்த மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் பாதிப் பேர் எந்த வரம்பில் எடுத்திருந்தார்கள் என்பதைப் பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. 1500 வேண்டும் என்று உறவினர் சொன்னதை விட்டுவிட்டு, அவள் பட்டியலுக்கு எவ்வளவு தேவை என்று அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த தேர்வுக்கு அவசரமாகப் பணம் கட்ட வேண்டாம். பதிவின் கடைசித் தேதியை மட்டும் பார்த்து வையுங்கள். இரண்டு வாரம் நோட்டு எழுதட்டும். அதையும் கல்லூரிப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், எந்தத் தேதியில் எழுதலாம் என்று மூவரும் பேசி முடிவெடுப்போம்.