ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம்

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையன் ஒன்பதாவது படிக்கிறான், காலை ஆறரைக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை தெருப் பசங்களோடு கிரிக்கெட். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம் தெரிகிறது. போன வாரம் கேம் நடுவில் அப்பா ஃபோனைப் பிடுங்கியதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியிருக்கிறான். "அடிமையாகிவிட்டானா டாக்டர்? ஃபோனையே நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். அவனுக்கு இப்போது அவசரமாக வேண்டியது தூக்கம். பதின்வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் ராத்திரியில் சுரப்பதே தாமதமாகிறது, அதனால் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னால் அது பொய்யில்லை. அதற்குமேல் முகத்துக்கு நேரே வெளிச்சம், ஒன்று முடிந்ததும் தானாக ஓடும் அடுத்த வீடியோ. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும், அவனுக்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. அந்தக் குறை காலையில் எரிச்சலாகவும் வகுப்பில் மறதியாகவும் வெளியே வருகிறது, நாம் அதற்குத் திமிர் என்று பேர் வைத்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்வது? பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் சமையலறையில் சார்ஜுக்குப் போகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. அவர் மட்டும் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் இது ஒரு வாரம்கூட நிற்காது. அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுங்கள். ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில் லேட்டாகத்தான் வருகிறது என்பான், அது உண்மையாகவும் இருக்கலாம், உங்கள் ஃபோனில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

அப்புறம், கேம் நடுவில் பிடுங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஆடும் மேட்சைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது, இவன் விலகினால் கூட்டாளிகள் தோற்பார்கள், மறுநாள் வகுப்பில் பேச்சு வாங்குவது இவன்தான். "இந்த மேட்ச் முடிய எத்தனை நிமிஷம்டா?" என்று கேட்டுவிட்டு, அவன் சொன்ன நிமிஷத்தில் வந்து நில்லுங்கள்.

அடிமையா என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் விடாமை, இவையெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பற்றி எனக்கு அந்தப் பயம் இல்லை. கிரிக்கெட்டும் நின்று, பள்ளிக்கும் போக மறுத்து, வீட்டில் பணமும் காணாமல் போனால் தள்ளிப்போடாதீர்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்திலும் பேசலாம், இலவசம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகக் கவலை. ஆன்லைனில் யாராவது போட்டோவை வைத்து மிரட்டினாலும் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை, சொன்னால் ஃபோன் போய்விடும் என்ற பயம். தட்டுச் சண்டைக்குப் பிறகு உங்கள் பையனுக்கும் அந்தப் பயம் இருக்கும். இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்: "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, ஃபோனைப் பிடுங்க மாட்டேன்." அப்படி எதையாவது சொன்னான் என்றால் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, சைபர் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098.