நீலமும் கறுப்பும் ஒரே லிஃப்டில்: நண்பர் குழுவுக்கு ஏற்ற ஸ்கீ ரிசார்ட் எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள். இரண்டு பேர் ஸ்கீயை (பனிச்சறுக்குப் பலகை) காலில் மாட்டியதே இல்லை. மூன்று பேர் ஒரு வாரம் பயிற்சி எடுத்தவர்கள், நீலப் பாதையில் (எளியது) சமாளிப்பார்கள். இரண்டு பேர் கறுப்புப் பாதை (கடினமானது) வரை இறங்குவார்கள். ஒருவர் ஸ்னோபோர்டு (இரு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது). எல்லோரும் ஒரே ஊரில் தங்க வேண்டும், யாருக்கும் அலுத்துப்போகவும் கூடாது. பாதை நீளம் 300 கி.மீ., 600 கி.மீ. என்று விளம்பரம் செய்கிறார்கள். இருப்பதில் பெரியதாகப் பார்த்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கிலோமீட்டர் கணக்கு உங்கள் இரண்டு கெட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் உதவும். பிரான்ஸின் த்ருவா வாலே பகுதியில் சுமார் 600 கி.மீ. பாதை இருக்கிறது. நீலப் பாதை நண்பர்கள் ஒரு வாரத்தில் அதில் ஒரு மூலையைப் பார்த்தாலே அதிகம்.

ரிசார்ட்டின் பாதை வரைபடத்தை இணையத்தில் இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு லிஃப்டின் (ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட அமைப்பு) உச்சியிலும் விரலை வைத்து, அங்கிருந்து கிளம்பும் நிறங்களைக் கீழே வரைக்கும் தொடருங்கள். நீங்கள் தேடுவது இதுதான்: ஒரே உச்சியிலிருந்து ஒரு நீலமும் ஒரு சிவப்பும் (நடுத்தரம்), முடிந்தால் ஒரு கறுப்பும் கிளம்பி, மூன்றும் அதே லிஃப்டின் அடியில் வந்து சேர வேண்டும். அப்படி ஒரு லிஃப்ட் இருந்தால் எல்லோரும் ஒன்றாக மேலே போகலாம், அவரவர் வழியில் இறங்கலாம், கீழே மறுபடி சந்திக்கலாம். யாரும் யாருக்காகவும் குளிரில் அரைமணி நேரம் நிற்க வேண்டியதில்லை. இப்படி இரண்டு மூன்று லிஃப்ட் உள்ள 100 கி.மீ. ரிசார்ட், ஒன்றுகூட இல்லாத 400 கி.மீ. ரிசார்ட்டைவிட உங்களுக்கு நல்லது.

இரண்டாவதாக, எளிய பாதைகள் மலையில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஊரை ஒட்டிய அடிவாரத்தில் மட்டும் இருந்தால் புதியவர்கள் மலையுச்சியைப் பார்க்காமலே திரும்புவார்கள். உச்சியில் மட்டும் இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. பிரான்ஸின் லே தெஸ் ஆல்ப் அப்படித்தான். மேலே பனியாற்றுப் பகுதி மென்மையானது, ஊருக்கு இறங்கும் முகப்போ செங்குத்து. சாயங்காலம் புதியவர்கள் பலர் லிஃப்டில்தான் கீழே வருகிறார்கள்.

உங்கள் குழுவுக்கு என் முதல் பரிந்துரை பிரான்ஸின் ஆல்ப் துவேஸ். 1,860 மீட்டரில் ஊர் இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அகலமான பச்சை (மிக எளிய) சரிவுகள். அதே மலையின் பிக் பிளான் உச்சி 3,330 மீட்டர். அங்கிருந்து சாரென் என்ற கறுப்புப் பாதை 16 கி.மீ. நீளத்துக்கு இறங்குகிறது. பிரான்ஸின் கூர்ஷ்வெல்லும் இதே வகை: அங்கே 1850 என்று பெயர் கொண்ட பகுதியைச் சுற்றி மென்மையான சரிவுகள், மேலே சோலீர் உச்சியிலிருந்து கிராண்ட் கூல்வார் என்ற செங்குத்தான கறுப்புப் பாதை. செலவுதான் அங்கே கூடுதல். கனடாவின் விஸ்லர் பிளாக்கோமில் இரண்டு மலைகளின் மேற்பகுதியிலிருந்தும் எளிய பாதை இருக்கிறது. 2008-இல் திறந்த பீக் டு பீக் கொண்டோலா (மூடிய கம்பிவட வண்டி) 4.4 கி.மீ. நீளத்தில் இரு மலைகளையும் இணைப்பதால் மதிய உணவுக்குச் சேர்வதும் சுலபம். ஊர் மட்டும் தாழ்வில், சுமார் 675 மீட்டரில் இருக்கிறது. மேலே பனி கொட்டும்போது கீழே மழை பெய்வது அங்கே சகஜம்.

பிரான்ஸின் ஷாமொனி புகழ்பெற்ற பெயர், ஆனால் கலவைக் குழுவுக்கு ஏற்றதல்ல. சறுக்குப் பகுதிகள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறியிருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பேருந்தில் போக வேண்டும். கெட்டிக்காரர்கள் ஒரு பேருந்து, புதியவர்கள் இன்னொரு பேருந்து என்று காலையிலேயே பிரிந்துவிடுவீர்கள்.

கேள்வி: எங்கள் நண்பர் ஒருவர் அமெரிக்காவில் “நீலம்” இறங்கியவர். ஐரோப்பாவிலும் நீலம் இறங்கிவிடலாம் என்கிறார். நிறம் எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். ஐரோப்பாவில் நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு என மூன்றே படிகள். ஆக, அமெரிக்க நீலம் ஏறத்தாழ ஐரோப்பியச் சிவப்பின் மென்மையான பக்கம் வரை வரும். அந்தக் கணக்கில் உங்கள் நண்பர் சமாளித்துவிடுவார். ஐரோப்பாவில் நீலம் மட்டும் பழகியவர் அமெரிக்கா போகும்போதுதான் திகைப்பார்.

ஆஸ்திரியா, ஜெர்மனி விதிமுறைப்படி நீலப் பாதையின் சாய்வு 25 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 14 பாகைக்குள் இருக்க வேண்டும். சிவப்புக்கு 40 சதவீதம், சுமார் 22 பாகை. ஆனால் திறந்த வெளியில் வரும் குறுகிய துண்டுகளுக்கு விலக்கு உண்டு. புதியவர்கள் உறைந்து நிற்பது அந்தத் துண்டுகளில்தான். முழுப் பாதையும் மென்மையாக இருந்து, நடுவில் 50 மீட்டர் மட்டும் செங்குத்தாக விழுந்தாலும் அவர்களுக்கு அது செங்குத்துப் பாதைதான்.

நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனில் நீலம் மற்ற ஊர்களின் சிவப்புக்கு ஈடு. பிரான்ஸின் வால் திசேரில் ஊருக்குத் திரும்பும் பாதைகள், நிறம் என்னவாக இருந்தாலும், மாலையில் புதியவர்களைத் திணற வைக்கும். உங்கள் குழுவில் கெட்டிக்காரர்கள் அதிகம் என்றால் மட்டும் இவற்றை யோசியுங்கள்.

கேள்வி: போன முறை காலை எல்லாம் நன்றாகப் போனது. சாயங்காலம் ஊருக்கு இறங்கும்போது இரண்டு தோழிகள் விழுந்து விழுந்து அழுதேவிட்டார்கள். பாதை அதே நீலம்தான். ஏன் இப்படி?

பதில்: பாதை அதேதான், பனி மாறிவிட்டது. இரவில் இயந்திரம் சமன் செய்த பரப்பு காலை 9 மணிக்கு வரி வரியாக, பிடிமானத்தோடு இருக்கும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் திரும்பித் திரும்பி இறங்கியதில், 4 மணிக்குள் மேல்பனி ஓரங்களில் மேடாகக் குவிந்து, நடுவில் வழவழப்பான பனிக்கட்டி தலைகாட்டும். வெயில் போனதும் அது இறுகும். அதே நேரத்தில் மலையில் உள்ள எல்லோரும் அந்த ஒரே பாதையில் ஊருக்கு இறங்குவார்கள். தோழிகளின் தொடைகளிலும் தெம்பு தீர்ந்திருக்கும். ஸ்னோப்ளவ் நிலையில், ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து வேகத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்குத் தொடைதான் பிரேக்.

அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: கடைசி இறக்கத்தைத் தவிர்த்து லிஃப்டில் கீழே வர முடியுமா? கொண்டோலாவிலும் கேபிள் காரிலும் பொதுவாக முடியும். சேர்லிஃப்டில் (திறந்த இருக்கை வகை) பல இடங்களில் கீழே வருவதற்கு ஸ்கீயோடு ஏற்றிக்கொள்ளமாட்டார்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் 3 மணிக்கே இறங்கிவிடுவது நல்லது. சோர்ந்த கால்களோடு போகும் “இன்னும் ஒரே ஒரு தடவை”யில்தான் முழங்கால் போகிறது.

கேள்வி: டிசம்பர் கடைசியில் போகிறோம். பனி நிச்சயமாக இருக்க எவ்வளவு உயரமான ஊர் வேண்டும்?

பதில்: உயரம் கூடக் கூடப் பனி நிச்சயம், ஆனால் கலவைக் குழுவுக்கு உயரம் மட்டும் பார்த்தால் ஒரு கஷ்டம் வரும். 2,300 மீட்டரில் உள்ள பிரான்ஸின் வால் தொரான்ஸில் மரமே கிடையாது. பனி பொழியும் நாளில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பழகியவர்கள் கால் உணர்வை வைத்து இறங்கிவிடுவார்கள். புதியவர்களுக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் மரங்களின் கருநிறம் கண்ணுக்குப் பிடிப்பு தரும்.

1,400 முதல் 1,900 மீட்டருக்குள் ஊரும், அதைச் சுற்றி மரப்பாதைகளும், மேலே 2,700 மீட்டருக்கு மேல் போகும் லிஃப்டும் இருந்தால் இரண்டு வகை நாளையும் சமாளிக்கலாம். பிரான்ஸின் மெரிபெல் நல்ல உதாரணம். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் உயரத்துக்குச் சமமாக முக்கியம். வடக்குப் பார்த்தவை பனியைக் காப்பாற்றும். தெற்குப் பார்த்தவை மார்ச்சில் காலையில் கண்ணாடி, மதியத்தில் சேறு. பயிற்சிச் சரிவு தெற்குப் பார்த்து இருந்தால் முதல் வகுப்பு 9 மணிக்குப் பனிக்கட்டியில்தான் நடக்கும்.

கேள்வி: குழுவில் ஒருவர் மட்டும் ஸ்னோபோர்டு. தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில்: முதலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் யூட்டாவின் ஆல்டா, டீர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் மூன்றிலும் ஸ்னோபோர்டுக்கு இடமில்லை. அடுத்து, இழுவை லிஃப்ட் எத்தனை என்று வரைபடத்தில் எண்ணுங்கள். கால்களுக்கு நடுவே தட்டை வைத்து இழுக்கும் வகையும், டி வடிவக் கம்பியும் பக்கவாட்டில் நிற்பவருக்குப் பெரும் தொல்லை. மூன்றாவது, நீளமான சமதளப் பாதைகள். ஸ்கீக்காரர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். போர்டுக்காரர் ஒரு காலைப் போர்டிலிருந்து விடுவித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இணைப்புப் பாதை என்று போட்ட மெல்லிய பச்சைக் கோடுகளைப் பார்த்தால் உஷார்.

கேள்வி: கெட்டிக்கார நண்பர்கள் பாதைக்கு வெளியே போக வேண்டும் என்கிறார்கள். புதியவர்கள் இருக்கும் ரிசார்ட்டில் அது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் எந்தக் கண்டம் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும். வட அமெரிக்காவில் ரிசார்ட் எல்லைக்குள் உள்ள நிலம் முழுவதையும் ரோந்துப் படை கண்காணித்து, பனிச்சரிவு அபாயத்தைக் குறைத்துத்தான் திறக்கிறது. ஐரோப்பாவில் கம்பு நட்டுக் குறித்த பாதைக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. இரண்டு மீட்டர் தள்ளிப் போனாலே உங்கள் பொறுப்பு. லிஃப்டிலிருந்து பார்க்கும்போது யாரோ போன தடம் தெரிகிறது என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

போவதென்றால் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வாரி, துழாவுகோல் மூன்றும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரை 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புப் படை வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. பனிச்சரிவு எச்சரிக்கை 1 முதல் 5 வரை தரப்படும். நடுவில் இருக்கும் 3-ஐப் பலரும் சாதாரணம் என்று நினைக்கிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த 3-ஆம் நிலையில்தான் நடக்கிறது. உள்ளூர் வழிகாட்டியை ஒரு நாளுக்கு அமர்த்துங்கள். அன்று புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கட்டும். காப்பீட்டில் பாதைக்கு வெளியேயும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் இடம் உண்டா என்று வரி வரியாகப் படியுங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க, புதியவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கலாமா? லிஃப்ட் பாஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. நன்றாகச் சறுக்குபவருக்குத் தான் எப்படித் திரும்புகிறோம் என்பது மறந்தே போயிருக்கும். இரண்டாம் நாளே நண்பரை நீலத்தின் உச்சிக்கு அழைத்துப்போய், “பயப்படாதே, வா” என்று கீழே நின்று கத்துவார். பயந்த உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பிடிக்காது, திரும்பாது, வேகம் கூடும். முதல் மூன்று காலை வேளையாவது குழு வகுப்பில் சேருங்கள். ஐரோப்பாவில் பல பள்ளிகள் ஞாயிறு அல்லது திங்களில்தான் புது வகுப்பைத் தொடங்குகின்றன. புதன்கிழமை போய் இறங்கினால் தனிப் பயிற்சிதான் கிடைக்கும்.

பாஸ் விஷயத்தில், பயிற்சிச் சரிவின் லிஃப்டுகள் பிரான்ஸில் பல இடங்களில் இலவசம், வேறு சில ஊர்களில் அதற்கென்றே மலிவான பாஸ் உண்டு. புதியவர்களுக்கு முதல் மூன்று நாளுக்கு அதுவே போதும். முழுப் பகுதிக்கான பாஸை கெட்டிக்காரர்கள் மட்டும் எடுக்கட்டும். நடுத்தரக்காரர்கள் ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் எடுத்து, ஆசைப்பட்ட ஒரு நாளுக்கு விரிவாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: வாடகைக் கடைப் படிவத்தில் “உங்கள் திறமை எந்த வகை” என்று கேட்கிறார்கள். கூச்சத்தில் நடுத்தரம் என்று போட்டால் தப்பா?

பதில்: தப்புதான், காலுக்கு ஆபத்தும்கூட. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், திறமை வகை இவற்றை வைத்துத்தான் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பகுதி) எந்த விசையில் காலை விடுவிக்க வேண்டும் என்ற எண்ணைக் குறிப்பார்கள். வகையை ஏற்றிச் சொன்னால் எண் கூடும். மெதுவாக, முறுக்கியபடி விழும் புதியவருக்கு ஸ்கீ கழலாமல் முழங்கால் திருகும். எடையைக் குறைத்துச் சொன்னால் நேர்மாறாக, திருப்பத்தின் நடுவில் கழன்றுவிடும்.

பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்னால் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மெல்லிய காலுறை ஒரு ஜோடி போதும். பேன்ட்டின் ஓரம் பூட்ஸுக்குள் போகவே கூடாது, அந்த மடிப்பு கணுக்காலுக்கு மேலே அழுத்தி ஒரு மணி நேரத்தில் வலி எடுக்கும். புதியவருக்கு ஸ்கீயின் நீளம் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் இருக்கட்டும். வலித்தால் முதல் நாள் மதியமே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் வாடகைக் காலத்துக்குள் மாற்றித் தருவார்கள்.