கேட்டவை: ஆன்சன் தொகுதி எங்கே போயிற்று?

கேள்வி: ஆன்சனில் இடைத்தேர்தல் நடந்துகொண்டே இருந்தது என்கிறார் என் மாமா. உண்மையா? (வாசகர், தெலுக் பிளாங்கா)

மூன்று நடந்தன. சிங்கப்பூரில் 1959ல் உருவான இந்த நாடாளுமன்றத் தொகுதி, 1988 பொதுத்தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டது. முதல் உறுப்பினர் பகாருதின் முகமது அரிஃப் காலமானதால் 1961 ஜூலை 15ல் முதல் இடைத்தேர்தல். பாட்டாளிக் கட்சியின் டேவிட் மார்ஷல், மக்கள் செயல் கட்சியின் (மசெக) மஹ்மூத் அவாங்கை 546 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மசெகவின் இடதுசாரிகளே மார்ஷலை ஆதரித்தார்கள். அந்தப் பிளவில்தான் பாரிசான் சோசியலிஸ் என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது.

மார்ஷல் 1963 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். வென்றவர் மசெகவின் பெ. கோவிந்தசாமி. 1977 ராடின் மாஸ் தொகுதி இடைத்தேர்தலுக்குக் காரணமான ந. கோவிந்தசாமி வேறு ஆள். பலர் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆன்சன் கோவிந்தசாமி மறைந்ததும் 1979 பிப்ரவரியில் இரண்டாவது இடைத்தேர்தல். அதில் மசெகவின் தேவன் நாயர் வென்றார். 1981ல் அவர் அதிபரானதும் மூன்றாவது.

கேள்வி: 84 விழுக்காடு வாங்கிய தொகுதியை மசெக எப்படி இழந்தது?

1980 டிசம்பரில் தேவன் நாயர் பெற்றது 84.1 விழுக்காடு. பத்தே மாதத்தில், 1981 அக்டோபர் 31ல், பாட்டாளிக் கட்சியின் ஜெ. பி. ஜெயரத்தினம் 7,012 வாக்குகள், மசெகவின் பாங் கிம் ஹின் 6,359, மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங் 131. வித்தியாசம் 653. சிங் வைப்புத்தொகையையும் இழந்தார்.

உள்ளூர்க் காரணம் பிளேர் பிளெயின். அந்தத் துறைமுக ஊழியர் குடியிருப்பைக் கொள்கலன் முனையத்துக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு முன்னுரிமையும் கிடைக்கவில்லை. பேருந்துக் கட்டண உயர்வும் சேர்ந்துகொண்டது. மசெக வேட்பாளரோ புதுமுகம். இவற்றில் பிளேர் பிளெயினையே முதலில் வைப்போம்: 653 வாக்கு வித்தியாசத்தில் ஒரு குடியிருப்பின் கோபம் சின்ன விஷயமல்ல. ஆனால் எல்லாம் அதனால்தான் என்றால் 1984 கணக்கு இடிக்கும். அப்போது ஜெயரத்தினம் 56.8 விழுக்காட்டுடன் மறுபடி வென்றார்.

கேள்வி: 1986ல் ஜெயரத்தினம் பதவி இழந்தபோது நான்காவது இடைத்தேர்தல் ஏன் நடக்கவில்லை?

கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் 5,000 வெள்ளி அபராதமும் ஒரு மாதச் சிறையும். அன்று 2,000 வெள்ளி அபராதமே பதவியைப் பறிக்கப் போதும். இந்த வரம்பு 2022ல்தான் 10,000 ஆனது. இடைத்தேர்தல் அறிவிக்கப்படாமலே 1988 வரை இடம் காலியாகக் கிடந்தது. பிரதமர் எப்போது நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் நாள் குறிக்கவில்லை.

இன்று நிலை சற்று வேறு. 2012ல் ஹவ்காங் தொகுதி காலியானபோது வெள்ளம்மா என்ற தொகுதிவாசி வழக்குத் தொடுத்தார். தனித்தொகுதி காலியானால் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பல உறுப்பினர்கள் ஒரே அணியாகத் தேர்வாகும் குழுத்தொகுதியில் ஒருவர் விலகினால் இந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வி: அக்காலத் தமிழ் முரசு நாளிதழைப் பார்ப்பது எப்படி?

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், இலவசம். பெயரைத் தட்டித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சலாம். ஜெயரத்தினம், ஜெயரட்னம், ஜெயரத்னம் எனப் பல எழுத்துமுறைகள் உண்டு. நாளிதழையும் தேதியையும் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். 1981 வாக்களிப்பு சனிக்கிழமை நடந்ததால் நவம்பர் 1 முதல் ஒரு வாரம் பாருங்கள். இணையத்தில் திறக்காத இதழ்களுக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கணினிக்குப் போக வேண்டும்.