இத்தாலிக்குள் கொரோனா வைரஸ் 2020 பிப்ரவரிக்கு முன்பே வந்துவிட்டதா?

வந்துவிட்டது என்றே கருதுகிறேன். எவ்வளவு முன்பு என்பதைத் தீர்மானிக்கத்தான் ஒவ்வொரு சான்றையும் தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் முதலில் தொற்று உறுதியானது, ரோமுக்குச் சுற்றுலா வந்திருந்த இரண்டு சீனர்களுக்கு, 2020 ஜனவரி இறுதியில். அதையொட்டிச் சீனாவிலிருந்து வரும் விமானங்களை அரசு நிறுத்தியது. உள்ளூர்ப் பரவலோ பிப்ரவரி 20 அன்று இரவுதான், லொம்பார்டி மாநிலத்தின் கொடோனியோ என்ற சிற்றூர் மருத்துவமனையில் வெளிப்பட்டது. சீனாவுக்குப் போய்வந்தவர்களையும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களையும் மட்டுமே பரிசோதிக்க வேண்டும் என்பது அன்றைய நெறிமுறை. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நிமோனியாவுடன் கிடந்த 38 வயது நோயாளி சீனாவுக்குப் போகாதவராக இருந்தும், அனாலிசா மலாரா என்ற மயக்கவியல் மருத்துவர் தாமே பொறுப்பேற்று அவருக்குப் பரிசோதனை செய்ய வைத்தார். அந்தத் துணிவை இன்றும் வியக்கிறேன். அவர் விதிப்படி நடந்திருந்தால் இன்னும் பல நாட்கள் வீணாகியிருக்கும். பின்னர் நோயாளிகளை விசாரித்து, அறிகுறி தொடங்கிய நாட்களைத் தொகுத்த ஆய்வாளர்கள், அந்த இரவுக்குள் தெற்கு லொம்பார்டியின் பெரும்பாலான ஊர்களில் தொற்று பரவியிருந்ததைக் கண்டறிந்தார்கள்.

இதற்கும் பின்னே நம்மை அழைத்துச் செல்வது சாக்கடை நீர். வேறு ஆய்வுகளுக்காகச் சேமித்து வைத்திருந்த கழிவுநீர் மாதிரிகளை இத்தாலியின் தேசிய சுகாதார நிறுவனம் சோதித்தபோது, 2019 டிசம்பர் 18 அன்று மிலானிலும் தூரினிலும் எடுத்தவற்றில் இந்த வைரஸின் மரபணுத் தடயம் கிடைத்தது. அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மாதிரிகளில் ஒன்றும் இல்லை. அந்த இல்லாமைதான் டிசம்பர் முடிவின்மீது எனக்கு நம்பிக்கை தருகிறது. பிரான்சிலும், பாரிஸுக்கு அருகே டிசம்பர் 27 அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த ஒருவரின் சேமித்த சளி மாதிரி, 2020 ஏப்ரலில் சோதித்தபோது தொற்றைக் காட்டியது. அண்மையில் அவர் சீனாவுக்குப் போனவர் அல்லர்.

ஆனால் 2019 செப்டம்பரிலேயே இந்த வைரஸ் இத்தாலியில் பரவிக்கொண்டிருந்தது என்று பலர் பகிரும் கதையை நான் ஏற்கவில்லை. நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் பங்கேற்ற 959 பேரின் ரத்தத்தைச் சோதித்த மிலான் ஆய்வு, 111 பேரிடம் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருந்ததாகவும் அவற்றுள் சில செப்டம்பரிலேயே எடுத்த மாதிரிகள் என்றும் கூறியது. இவ்வகைச் சோதனை, நெடுங்காலமாகச் சளிக்காய்ச்சல் உண்டாக்கிவரும் வேறு கொரோனா வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளையும் தவறுதலாகக் காட்டக்கூடும். மேலும், கண்டறியப்பட்ட ஒரே மாதத்துக்குள், மார்ச் 18 அன்று, லொம்பார்டியின் பெர்காமோ நகரத்துச் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் வேறு ஊர்களின் தகன மேடைகளுக்குக் கொண்டுபோகும் நிலை வந்தது. அத்தனை வேகமுள்ள நோய் செப்டம்பரிலேயே மக்களிடையே பரவலாக இருந்திருந்தால், அந்தப் பேரழிவு கிறிஸ்துமஸுக்கு முன்பே மருத்துவமனைகளை நிரப்பியிருக்கும். டிசம்பரில் வந்த ஓரிரு தொற்றுகள் மேலும் பரவாமலே அணைந்துபோயிருக்கலாம், அல்லது குளிர்காலக் காய்ச்சலோடு காய்ச்சலாக மறைந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான தொற்றுகள் அப்படி மறைந்திருக்க வழியில்லை.