கால் ஆறுவதற்குள் கையெழுத்தா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் காரில் சேலத்துக்குப் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி மோதி எனக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. வயது 38. இராயக்கோட்டையில் தக்காளி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறேன். மாதம் 15,000 ரூபாய் கையில் நிற்கும். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, 2 லட்சம் தருகிறோம், இந்த வாரமே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். ஆஸ்பத்திரிக்காக வட்டிக்கு வாங்கிய 80,000 அப்படியே இருக்கிறது. வாங்கிவிடு என்கிறார் மச்சான். வாங்கலாமா?

– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: போடாதீர்கள். இப்போதைக்குப் போடாதீர்கள்.

மேல்தட்டுப் பழத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கூடைக்கு விலை சொல்கிறவர் இல்லையே நீங்கள்? உங்கள் காலுக்கு மட்டும் எப்படிச் சம்மதிக்கிறீர்கள்? முழங்கால் எவ்வளவு மடங்கும், பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. ஆனால் கம்பெனி ஆள் நீட்டும் தாளில், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குத்தான் 2 லட்சம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டு வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-ல் வகுத்தது. ஆக 2,52,000. ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் வெறும் 10 சதவீதம் குறைந்ததாக முடிவானாலும் ஆண்டுக்கு 25,200 நஷ்டம். இதை உங்கள் வயதுக்கு நீதிமன்றம் வைத்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும், அது 15. வந்துவிட்டதா 3,78,000? ஆஸ்பத்திரி பில், வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேல். 15,000 வருமானத்தைக் காட்ட மண்டிச் சீட்டு, பேங்க் கணக்கு எதுவும் இல்லை என்றால் தொகை இறங்கும். விபத்தில் உங்கள் தவறும் உண்டு என்று தீர்ப்பானால் அந்த அளவுக்குக் கழிப்பார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக வீட்டில் சும்மா உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. உங்களுக்கு மிச்சம் இரண்டு மாதம். கம்பெனி ஆள் இதைச் சொன்னாரா? விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, பில்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரு பையில் போட்டு வையுங்கள். நூற்றுக்கு இத்தனை எனக்கு என்று பேசும் வக்கீல் வேண்டாம். அப்படிப் பங்கு பேசுவது அவர்கள் தொழில் விதிக்கே விரோதம். காசில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாகவே வக்கீல் தருவார்கள்.

மனு போட்ட பிறகும் சமரசம் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கம்பெனியும் அப்பீல் போக முடியாது, நீங்களும் போக முடியாது. அதனால் மருத்துவக் குழுவின் ஊனச் சான்று கைக்கு வந்தபின் அங்கே உட்காருங்கள். கால் முழுசாக மடங்கிவிட்டது, ஊனமே இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டால், அன்றைக்கு 2 லட்சம் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். நானே சொல்கிறேன்.

அப்புறம் அந்த 80,000. உங்களை அவசரப்படுத்துவது கம்பெனி ஆள் இல்லை, அந்த வட்டிதான். நகையை பேங்கில் வைத்தாவது முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். கடன் கொடுத்தவர் மச்சானே என்றால், யோசனை கேட்க வேறு ஆளைப் பாருங்கள்.